வெளிநாட்டு லென்ஸுக்குக் கட்டிய வரி: தொழில் தொடங்குபவர்கள் கணக்கில் சேர்ப்பது எப்படி?

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நான் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் எனக்கு முதல் கல்யாண ஆர்டர் வந்தது. சரி, இதையே தொழிலாகச் செய்வோம் என்று ஜப்பானிலிருந்து ஒரு 70-200 லென்ஸ் தருவித்தேன். பெட்டி மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட்டுக்கு வந்து சேர்ந்தது, கேட்ட வரியைக் கட்டினேன். அடுத்த வருடம் வருமான வரிப் பாரத்தை நிரப்ப உட்கார்ந்தபோது, அந்த வரி கட்டியதற்கான தாள் என்னிடம் இல்லை. இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். கையில் இருக்கும் சேமிப்பெல்லாம் கேமராவுக்குத்தான் போகிறது. அவர்கள் ஒரு ரிங்கிட்டைக்கூட இப்படி விடக்கூடாது.

படி 1: முதலில் பதிவு, பிறகு ஆர்டர்

எஸ்.எஸ்.எம். (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு செய்யும் முறையை இங்கே விளக்கவில்லை. ஈசிபிஸ் தளத்தில் எளிதாக முடியும். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 ரிங்கிட், கடைப் பெயர் வைத்தால் 60. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். பதிந்த பெயரையே விற்பவரிடம் கொடுத்து பில் போடச் சொல்லுங்கள். அண்ணன் கிரெடிட் கார்டில், அண்ணன் பெயரில் வாங்கிவிட்டு, 'இது என் தொழில் பொருள்' என்று பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? தொடங்கப்போகும் தொழிலுக்காக முன்கூட்டி வாங்கிய கருவியை, தொழில் தொடங்கிய நாளில் வாங்கியதாகவே வருமான வரிச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதனால் பழைய பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

படி 2: வரி எவ்வளவு வரும் என்று முன்பே கணக்குப் போடுங்கள்

இதில் இரண்டு பாதை உண்டு. இணையத்தில் வாங்கும் பொருளின் விலை 500 ரிங்கிட்டோ அதற்குக் குறைவோ என்றால், 2024 ஜனவரி 1 முதல் 10% விற்பனை வரியைப் பதிவுபெற்ற விற்பனையாளரே பணம் கட்டும் இடத்தில் பிடித்துக்கொள்கிறார். அதற்கு மேல் போனால் சுங்கத்துறைக் கணக்கு.

டிஜிட்டல் கேமராவுக்கு இறக்குமதித் தீர்வை இல்லை. ஆனால் 'தீர்வை இல்லை' என்று யாராவது சொன்னால் 'வரியே இல்லை' என்று நினைத்துவிடாதீர்கள். விற்பனை வரி தனி. அதன் விகிதம் பொருளின் எச்.எஸ். குறியீட்டை, அதாவது பொருளை வகைப்படுத்தும் சுங்க எண்ணைப் பொறுத்தது. கேமரா 8525, லென்ஸ் 9002, ஃபிளாஷ் 9006, முக்காலி 9620 என்ற வரிசைகளில் வரும். சுங்கத்துறையின் எச்.எஸ். தேடல் தளத்தில் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் சொல்வதை விட அதைத்தான் நான் நம்புவேன்.

வரி பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. விலை, அனுப்பும் செலவு, காப்புறுதி மூன்றையும் கூட்டி, தீர்வை இருந்தால் அதையும் சேர்த்த பிறகுதான் விற்பனை வரி. லென்ஸ் 4,000 ரிங்கிட், அனுப்பும் செலவு 150, காப்புறுதி 50 என்றால் மொத்தம் 4,200. தீர்வை இல்லாமல் விற்பனை வரி 10% என்று வந்தால் 420. ஆக 4,620. கூரியர் நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தைத் தனியாகக் கேட்கும்.

சில விற்பனையாளர்கள், 'விலையைக் குறைத்து எழுதட்டுமா? அன்பளிப்பு என்று போடட்டுமா?' என்று கேட்பார்கள். வேண்டாம் என்று உடனே சொல்லுங்கள். பொய்யான விவரம் கொடுப்பது 1967 சுங்கச் சட்டப்படி குற்றம். அதோடு, தாளில் 800 என்று இருந்தால், நீங்கள் கொடுத்த 4,000-ஐ வருமான வரிக் கணக்கில் எப்படிக் காட்டுவீர்கள்?

படி 3: பெட்டி வரும் நாள்

நான் தவறவிட்ட இடம் இதுதான். பெட்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டியிருக்கும். ஆசையில் கத்தியை எடுத்துக் கிழிக்கும்போது அந்த உறையும் சேர்ந்து குப்பைக்குப் போகும். அதற்குள்தான் விற்பவரின் பில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். எனக்கு அது போனது. வாசலில் பணம் கட்டியதற்குக் கொடுத்த சின்ன ரசீது மிஞ்சியது. அதைக் காரின் டேஷ்போர்டில் வைத்தேன். வெயிலில் சில மாதத்திலேயே எழுத்தெல்லாம் வெளுத்து வெறும் தாளாகிவிட்டது.

இப்போது நான் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே உறையைப் பிரித்து, பில்லையும் ரசீதையும் கைப்பேசியில் படம் எடுத்துவிடுவேன். கூரியரிடம் கே1 பாரத்தின் (சுங்கத்துறைக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிவிப்பு) நகலையும் சுங்கத்துறை வரி ரசீதையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்குவேன். கேட்டால்தான் தருவார்கள், வந்த வாரத்திலேயே கேளுங்கள். நான் ஒரு வருடம் கழித்துக் கேட்டு, பல நாள் தொலைபேசியில் அலைந்தேன்.

இவற்றை வைக்கக் கணக்கு மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். ஒரு கருவிக்கு ஒரு கோப்புறை, அதில் பில், கே1, வரி ரசீது, வங்கி அறிக்கை என்று நான்கு படம் போதும். 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

படி 4: பி பாரத்தில் (சொந்தத் தொழில் செய்பவர்களின் வருமான வரிப் பாரம்) காட்டுவது

கட்டிய விற்பனை வரியைத் திரும்பக் கேட்கலாம் என்று எனக்கு ஒரு மாமா சொன்னார். அது 2015 முதல் 2018 வரை ஜி.எஸ்.டி. (பொருள், சேவை வரி) இருந்த காலத்து முறை. இப்போதைய எஸ்.எஸ்.டி.யில் (விற்பனை, சேவை வரி) நம்மைப் போன்றவர்கள் திரும்பப் பெற முடியாது. ஆனால் அந்த 420 கருவியின் விலையோடு சேர்ந்துகொள்ளும். 4,000 என்று போடாமல் 4,620 என்று போடுங்கள். அதற்குத்தான் அந்தத் தாள்கள்.

இந்தத் தொகையை ஒரே வருடச் செலவாகக் கழிக்க முடியாது. மூலதனக் கழிவாகத்தான் கிடைக்கும்: முதல் வருடம் தொடக்கக் கழிவு 20%, அதோடு வருடக் கழிவு 14%. 4,620-க்கு முதல் வருடம் 1,570.80 ரிங்கிட், பிறகு நான்கு வருடம் 646.80, ஆறாவது வருடம் மீதி 462. இது கையில் வரும் பணம் அல்ல, வருமானத்திலிருந்து கழியும் தொகை. இந்த வருடம் போதிய லாபம் இல்லையென்றால், மிச்சம் அதே தொழிலின் அடுத்த வருடக் கணக்குக்குப் போகும்.

முக்காலி, பேட்டரி போன்று ஒவ்வொன்றும் 2,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத கருவிகளை முதல் வருடத்திலேயே முழுதாகக் கழிக்கலாம். வீட்டு விசேஷத்துக்கும் அதே கேமரா என்றால் தொழிலுக்கான பங்கை மட்டும் காட்டுங்கள்.

புது மாடல் வந்ததும் பழையதை விற்கும் வழக்கம் நமக்கு உண்டு. இரண்டு வருடத்துக்குள் விற்றால், வாங்கிய கழிவைத் திரும்ப வருமானத்தில் சேர்க்க நேரிடும். அதனால் கேமராவை மலேசிய உத்தரவாதத்தோடு ஈப்போவில் வாங்குங்கள், நீண்ட நாள் வைத்திருக்கும் லென்ஸை மட்டும் வெளியிலிருந்து தருவியுங்கள் என்பது என் கருத்து.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு பஹாவிலிருந்து ஒரு தங்கை வாட்ஸ்அப்பில் கேட்டார். லென்ஸோடு கம்பியில்லா மைக்கும் சேர்த்து ஆர்டர் செய்திருக்கிறார். பெட்டி முழுவதும் நின்றுவிட்டது. கம்பியில்லா மைக், ஃபிளாஷ் டிரிகர் போன்ற அலைவரிசைக் கருவிகளுக்கு சிரிம் (மலேசியத் தரச் சான்று நிறுவனம்) ஒப்புதல் கேட்பார்கள். அந்த வகைப் பொருளை லென்ஸ் பெட்டியில் சேர்க்காதீர்கள். சிரிம் முத்திரை ஒட்டியுள்ளதை உள்ளூரிலேயே வாங்கிவிடுங்கள்.