ஊருக்கு வந்து கொலோனோஸ்கோபி செய்துகொள்கிறவர்கள் கவனத்துக்கு

சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் காரைக்குடிப் பக்கம் வருகிறவர்கள், விசேஷத்தோடு பல், கண், முழு உடல் பரிசோதனை என்று எல்லாவற்றையும் முடித்துவிடப் பார்க்கிறோம். அதில் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியும் இருந்தால், அதைக் கல்யாணத்துக்கும் விமானத்துக்கும் நடுவில் செருகாதீர்கள்.

நான் அப்படித்தான் செருகினேன். அண்ணனின் அறுபதாம் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் பரிசோதனை. விருந்தில் கவுனி அரிசி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டிருந்தேன். மருத்துவர் பிறகு படத்தைக் காட்டினார். குடல் சுவரில் கருஞ்சிவப்பாகத் தவிடு ஒட்டிக் கிடந்தது. "இதுக்குப் பின்னால சின்னக் கட்டி இருந்தா எனக்குத் தெரியாதுங்க" என்றார். மறுபடியும் முதலிலிருந்து.

இந்தப் பரிசோதனையில் பாதி வேலை நம் கையில்தான் இருக்கிறது. மூன்று நாள் முன்பிருந்தே கவுனி அரிசி, கீரை, பயறு, கசகசா அரைத்த குருமா, விதையுள்ள கத்தரிக்காய், தக்காளி எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். வெள்ளைச் சோறு, இட்லி, தோல் நீக்கிய உருளைக்கிழங்கு போதும். பரிசோதனைக்கு முந்தின நாள் பெரும்பாலும் தெளிந்த திரவ உணவு மட்டும்: வடிகட்டிய ரசம், இளநீர், பால் சேர்க்காத தேநீர். மோர் இதில் சேராது. சிவப்பு, ஊதா நிற பானங்களும் வேண்டாம். உள்ளே ரத்தம் போலத் தெரியும். வீட்டில் ஆச்சி, "வெறும் வயிறா இருக்காதே தம்பி, ஒரு வெள்ளைப் பணியாரமாவது சாப்பிடு" என்று தட்டை நீட்டுவார்கள். பாசம்தான். முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

அடுத்தது பேதி மருந்து. வழக்கமாக இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பொடி. பாதியை முந்தின மாலையும் மீதியைப் பரிசோதனை நாள் அதிகாலையும் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகும். ஆற வைத்த கொதிநீரில் கரையுங்கள். கடைசியில் தெளிந்த மஞ்சள் தண்ணீராகப் போனால் தயார். கலங்கலாகவே போனால் கிளம்பும் முன் மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

நம் பெரிய வீடுகளில் பலவற்றில் கழிப்பறை பின்கட்டில் இருக்கிறது. வயிறு காலியாகி, நீர்ச்சத்து குறைந்து, நள்ளிரவில் வளவு என்னும் உள்முற்றத்தைக் கடந்து படி இறங்கி ஓடுவது அறுபது வயதுக்காரருக்கு ஆபத்து. மதுரையோ திருச்சியோ காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். இரண்டாவது பாதியைக் குடித்துவிட்டுக் காரில் அவ்வளவு தூரம் போக முடியாது. மருத்துவமனைக்குப் பக்கத்தில், அறைக்குள்ளேயே கழிப்பறை உள்ள விடுதியில் முந்தின நாளே துணையோடு தங்குங்கள். மயக்க மருந்து கொடுப்பதால் அன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்தும் போடக் கூடாது. சொத்து வேலையாக வந்தவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மருந்துச் சீட்டுகளைக் கொண்டுவாருங்கள். இரும்புச்சத்து மாத்திரையைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, இன்சுலின், சர்க்கரை மாத்திரை ஆகியவற்றை மருத்துவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பேதி மருந்து வாங்கும் முன்பே, இளநீர் குடிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பரிசோதனை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சி இருந்தால் அப்போதே எடுத்துவிடுவார்கள். பிறகு வயிறு உப்புசமாக இருக்கும். நடந்தால் காற்று பிரியும். கடும் வயிற்றுவலி, காய்ச்சல், நிற்காத ரத்தப்போக்கு என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குடலில் துளை விழுவது மிக அரிது, ஆனால் நடக்கலாம். பாலிப் எடுத்த இடத்தில் இரண்டு வாரம் வரைகூட ரத்தம் கசியலாம். அதனால்தான் வந்த முதல் வாரத்திலேயே செய்துகொள்ளுங்கள் என்கிறேன். விருந்தெல்லாம் அதற்குப் பிறகு.

அறிக்கையில் மூன்றைப் பார்த்து வாங்குங்கள்: கருவி பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை போனதா, குடல் சுத்தத்துக்குப் பாஸ்டன் அளவுகோலில் 9-க்கு எத்தனை மதிப்பெண், எடுத்த சதையின் திசுப் பரிசோதனை முடிவு எப்போது வரும். அடுத்த முறை எப்போது என்று அங்கே உங்கள் மருத்துவர் முடிவு செய்வது இவற்றை வைத்துத்தான். திசு முடிவு வரச் சில நாள் ஆகும். யார் வாங்கி அனுப்புவது என்று கிளம்பும் முன் பேசிவிடுங்கள்.