வெயில் அறைக்குக் கண்ணாடி வாங்கும்போது

சுவரும் கூரையும் கண்ணாடியாக இருக்கும் வெயில் அறை சூடாகாமல் இருக்க, இடைவெளி விட்டு இரண்டு தகடுகள் வைத்த ரெட்டைக் கண்ணாடி போட்டால் போதுமா என்றுதான் எல்லாரும் என்னிடம் கேட்கிறார்கள். போதாது, நேர் வெயில் அதில் தாராளமாக உள்ளே வரும். விற்பவர் யூ-மதிப்பைப் பற்றியே பேசுவார்; அது உள்ளேயும் வெளியேயும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தால் கண்ணாடி வழியே கடக்கும் வெப்பத்தின் அளவு. நீங்கள் ஜி-மதிப்பைக் கேளுங்கள், அதுதான் வெயிலின் வெப்பம் எவ்வளவு உள்ளே வரும் என்று சொல்லும். 0.7 என்றால் மேலே விழும் வெயில் வெப்பத்தில் 70 சதவீதம் அறைக்குள். வெயில் தடுப்புப் பூச்சு போட்டதில் 0.35 அளவுக்குக் கிடைக்கும். பூச்சு வெளிக் கண்ணாடியின் உட்பக்கம் இருக்கட்டும். வெறும் கருங்கண்ணாடி எனக்குப் பிடிக்காது: வெளிச்சத்தை விழுங்கும், தானும் கொதிக்கும். மாதிரித் துண்டை வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பாருங்கள், சாயம் தெரிந்துவிடும்.

கூரைக் கண்ணாடிக்குத்தான் இருப்பதிலேயே குறைந்த ஜி-மதிப்பு வேண்டும். மேற்குச் சன்னலுக்கு சன்ஷேடு உதவாது. சாய்வெயில் அடியில் நுழைந்துவிடும். திரையை வெளிப்பக்கம் மாட்டுங்கள். சூடான காற்று வெளியேற, உயரத்தில் திறக்கிற சன்னல் ஒன்றும் வையுங்கள்.