கிணற்றுத் தண்ணீரில் பார்வா வளர்ப்பது

மீன் தொட்டியின் முன்வரிசையில் பச்சைக் கம்பளம் விரிக்க ஆசைப்படுகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது மொன்டே கார்லோ, இல்லாவிட்டால் கியூபா என்ற செடிகள். படத்தில் அவை அழகாகத்தான் இருக்கும். அந்த அழகுக்குக் காபனீரொட்சைட்டு சிலிண்டரும் கண்ணைக் கூசவைக்கும் விளக்கும் தேவைப்பட்டிருக்கும் என்பது படத்தில் தெரியாது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரிலும் வெயிலிலும் அவற்றோடு மல்லுக்கட்டினால் செடிக்கும் நிம்மதி இல்லை, உங்களுக்கும் இல்லை. என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது கிரிப்டோகோரைன் பார்வா. கடையில் பார்வா என்றாலே போதும்.

இது நம் தீவின் செடி. இலங்கையின் மத்திய பகுதி நீரோடைகளின் கரைகளைச் சேர்ந்தது; வேறு நாட்டில் இயற்கையாக முளைப்பதில்லை. நெதர்லாந்துத் தாவரவியலாளர் டி விட் 1970இல் இதை விவரித்துப் பெயரிட்டார். சேம்பும் கருணையும் இதன் குடும்பத்தார்தான் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். இதன் முழு உயரமே ஐந்திலிருந்து எட்டு சென்ரிமீற்றர். கிரிப்டோகோரைன்களில் மிகச் சிறியது. வளர்ச்சியிலும் மிக மெதுவானது. ஆறு மாதத்துக்குள் தரை மூடவேண்டும் என்று நினைக்கிறவர்கள் வேறு செடி பார்ப்பது நல்லது.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். எங்கள் கேத்திலின் அடியைப் பார்த்தாலே போதும், வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். குடாநாடே சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. அந்தக் கல்லின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரைத்தான் கிணறுகளில் அள்ளுகிறோம். இந்தக் கடினத் தண்ணீரை மென்மையாக்க மருந்து வாங்கி ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். பார்வா கடினத் தண்ணீரைத் தாங்கும். அது தாங்காதது தண்ணீரின் குணம் வாரத்துக்கு ஒன்றாக மாறுவதை.

ஆகவே மழைநீரையும் கிணற்றுநீரையும் பாதிக்குப் பாதி கலப்பதை நான் ஆதரிப்பதில்லை. மாரியில் பீலியால் கொட்டுகிற தண்ணீர் தாராளமாக இருக்கும். வைகாசியில் பீப்பாய் வறண்டதும் முழுக்கக் கிணற்றுநீருக்குத் திடீரென்று மாறவேண்டி வரும். வாராந்தத் தண்ணீர் மாற்றத்துக்கு ஆண்டு முழுவதும் கிணற்றுநீரையே பயன்படுத்துங்கள், நாலில் ஒரு பங்கு போதும். மழைநீரை ஆவியாகிக் குறைந்த அளவை நிரப்புவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆவியாகும்போது தண்ணீர் போகும், சுண்ணாம்பு போகாது. கண்ணாடியின் மேல்விளிம்பில் வெள்ளைக் கோடு விழுவது அதனால்தான். குறைந்ததை மறுபடி கிணற்றுநீரால் நிரப்பினால், வாரத்துக்கு வாரம் கடினம் ஏறிக்கொண்டே போகும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையைப் பிடியுங்கள். பீப்பாய்க்கு இறுக்கமான மூடி வேண்டும். இல்லாவிட்டால் டெங்கு நுளம்பும் வரும், அதைத் தேடிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வருவார்.

கடற்கரைப் பக்கம் கிணறு சவராக இருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். வெங்காயம், புகையிலைத் தோட்டங்களை ஒட்டிய கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று கலந்திருக்கும். செடிக்கு அது உணவுதான், ஆனால் பாசிக்கும் அதுவே விருந்து. அப்படியான தண்ணீர் என்றால் நைதரசன் கலந்த திரவ உரத்தைக் கையால் தொடவேண்டாம்.

அடுத்தது மணல். யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும் ஓடுகிறது. ஆகவே ஆற்றுமணல் என்று விற்பதெல்லாம் வெளியிலிருந்து வருவது. இடையில் கடற்கரை மணல் கலந்ததா என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும். ஒரு பிடி மணலைக் கழுவிக் காயவைத்து, அதன் மேல் வினாகிரி விடுங்கள். காதருகே கொண்டுபோனால் மெல்லிய சீறல் கேட்கும், குமிழி கிளம்பும் என்றால் சிப்பித்தூள் இருக்கிறது. அதைத் தோட்டத்துக்குப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். தொட்டியில் அலங்காரத்துக்கு வைத்த முருகைக்கல்லையும் அதோடு எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள சுண்ணாம்பு போதும். மணல் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீற்றர் பருமனில், ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இருக்கட்டும்.

வெறும் மணலில் உணவு இல்லை. கிரிப்டோகோரைன்கள் பெரும்பாலும் வேரால் சாப்பிடுகிற இனம். கடையில் விற்கும் வேர் உரவில்லை நல்லதுதான், ஆனால் வலிகாமத்தில் இருப்பவர்களுக்குக் காலடியிலேயே செம்பாட்டு மண் இருக்கிறது. அதன் சிவப்பு நிறமே இரும்பால் வந்தது. எங்கள் காரத் தண்ணீரில் இரும்பு கரைந்து நிற்காது. ஒட்சிசன் குறைந்த மணலடியில் வேருக்கு எட்டுகிற வடிவத்துக்கு மாறும். பூச்சிமருந்து அடிக்கிற தோட்டத்து மண்ணை எடுத்தால் மீன் மிஞ்சாது. பயிர் செய்யாத வளவில், மேல்மண்ணை விலக்கி, ஒரு சாண் ஆழத்திலிருந்து எடுங்கள். கல்லையும் வேரையும் பொறுக்கிவிட்டு, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கச்சான் அளவு உருண்டைகளாக்கி நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ஒவ்வொரு நாலு செடிக்கும் நடுவில் ஒன்றைச் சாமணத்தால் மணலின் அடிவரை அழுத்துங்கள். அழுத்தியதை மறுபடி கிளறக்கூடாது. கிளறினால் அன்று முழுவதும் தொட்டி தேநீர்தான்.

இனி நடுகை. செடி வலைக்கிண்ணத்தில், பஞ்சுபோன்ற நாருக்குள் வேர்விட்டு வரும். ஒரு பேசினில் தண்ணீர் எடுத்து, கிண்ணத்தை வெட்டி, நாரைத் தண்ணீருக்குள் வைத்தே பிய்த்தெடுங்கள். நான் தைக்கிறவள், நூல் வெட்டும் சிறு கத்தரிக்கோலும் ஊசியும் இந்த வேலைக்கு எல்லாவற்றையும்விட வசதி. நார் துண்டு துண்டாக வேரில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஊசியின் முனையால் நிதானமாக இழுத்தால் வந்துவிடும். பிறகு கொத்தை விரலால் விரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் அடியிலும் தடித்த குட்டைத் தண்டு தெரியும். அந்தத் தண்டும் மூன்று நாலு இலையும் உள்ள ஒவ்வொன்றும் தனிச் செடி. வேரை இரண்டு சென்ரிமீற்றருக்கு வெட்டிவிடுங்கள். நீள வேரை மடித்துத் திணித்தால் செடி மேலே மிதந்து வரும்.

மணலுக்கு மேல் நாலு விரல் தண்ணீர் மட்டும் விட்டுக்கொண்டு நடத் தொடங்குங்கள். சாமணத்தால் வேரின் நுனியைப் பிடித்து, சரிவாக உள்ளே செலுத்தி, பிடியைத் தளர்த்தி, சாமணத்தை ஒரு குலுக்குக் குலுக்கி வெளியே எடுங்கள். செடி சற்று ஆழமாகப் போயிருக்கும். இலையைப் பிடித்து மெல்ல மேலே இழுத்து, இலைகள் பிரியும் இடம் மணல்மட்டத்தில் தெரியும்படி நிறுத்துங்கள். அந்த இடம் புதைந்தால் அழுகும். செடிக்குச் செடி மூன்று சென்ரிமீற்றர். இரண்டடித் தொட்டியில் பத்து சென்ரிமீற்றர் அகல முன்வரிசைக்கு, வரிசைக்கு இருபதாக மூன்று வரிசை, அறுபது செடி பிடிக்கும். நாலைந்து கிண்ணமாவது தேவை என்பதைக் கணக்குப் பார்த்தே வாங்குங்கள். குறைவாக வாங்கி அகல நட்டால் இடைவெளியில் பாசி குடியேறும்.

நட்ட இரண்டொரு வாரத்தில் இலைகள் கண்ணாடிபோலாகிக் கரையும். பயப்படவேண்டாம். பண்ணையில் இவை பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்ந்தவை. அந்த இலை தண்ணீருக்குள் நிலைக்காது. கரைந்த இலைகளை வெட்டியெடுத்துவிட்டு, அடித்தண்டை இரு விரலால் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, நடுவிலிருந்து மெல்லிய புது இலை வரும். கூழாக நசுங்கினால் மட்டும் எறியுங்கள். இந்தக் காலத்தில் செடியைப் பிடுங்கி இடம் மாற்றுவதுதான் ஆகக்கூடிய கேடு.

மற்ற கிரிப்டோகோரைன்கள் நிழலில் சமாளிக்கும், பார்வா சமாளிக்காது. பின்னாலுள்ள செடி கவிந்து மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முப்பது சென்ரிமீற்றர் உயரத் தொட்டிக்குச் சாதாரண எல்.ஈ.டி. செடிவிளக்கு ஒன்று, நாளுக்கு ஆறு, ஏழு மணித்தியாலம். மின்வெட்டில் விளக்கு அணைந்தால் இரவில் ஈடுகட்டவேண்டாம், ஒரு நாள் வெளிச்சம் குறைந்து செடி சாகாது. ஜன்னல் வெயில் நேரே விழக்கூடாது.

சித்திரை, வைகாசியில் தண்ணீர் முப்பது பாகையைத் தாண்டும். இருபத்தெட்டுவரைதான் செடிக்குச் சுகம். தொட்டி மூடியைத் திறந்து, நுளம்புவலைத் துணி கட்டி, சிறு மின்விசிறியைத் தண்ணீரின் மேற்பரப்புக்கு நேரே வைத்தால் இரண்டு பாகையாவது இறங்கும். சோளகம் வீசும் மாதங்களில் ஆவியாதல் கூடுவதால் சேமித்த மழைநீர் அப்போதுதான் கைகொடுக்கும். அந்தக் காற்றோடு வரும் புழுதி இலையில் படியும். கையை மேலே வைத்துத் தண்ணீரை அலைத்தால் கிளம்பிவிடும்.

புது இலை மஞ்சளாக வந்தால் இரும்புக் குறைவு, உருண்டை வைக்கும் நேரம் வந்துவிட்டது. பழைய இலையில் ஊசித்துளை விழுந்தால் பொற்றாசியம் கொடுங்கள். மெதுவாக வளரும் இலை என்பதால் பச்சைப் புள்ளிப் பாசி பிடிக்கும். தேய்க்க முயன்றால் செடி கையோடு வரும். இலையை அடியோடு வெட்டுங்கள், விளக்கை ஒரு மணித்தியாலம் குறையுங்கள். கப்பி மீன்கள் நம் தண்ணீருக்கும் இந்தச் செடிக்கும் பொருத்தம். தங்கமீன் வேண்டாம், முன்வரிசையை ஒரே இரவில் உழுதுவிடும்.

கொத்து நெருக்கமானதும் ஓரத்திலிருந்து பிரித்து வேறிடத்தில் நடலாம், பிறருக்கும் கொடுக்கலாம். கண்டிப் பக்கம் போகிறவர்கள் ஓடைக்கரையில் கண்டால் பறித்துவர நினைக்கவேண்டாம். அது வளர இருக்கும் இடமே சொற்பம், கடையில் கிடைப்பது பண்ணையில் வளர்த்தது. கொடுக்கும் செடியை ஈரத் தாளில் சுற்றிப் பையில் போட்டுக் கொடுங்கள். புதுத் தண்ணீரில் இலை கரையும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வாரம் முடியுமுன் தொலைபேசி அடிக்கும்.