பயோகேஸ் தொட்டியில் எலக்ட்ரான் யார் கைக்குப் போகிறது?

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில், சாப்பாட்டு மிச்சத்திலிருந்து அடுப்புக்கு கேஸ் எடுக்கிற 1,000 லிட்டர் பயோகேஸ் தொட்டி ஒன்று இருக்கிறது. மூன்று வருடமாக ஓடுகிறது, நடுவில் இரண்டு முறை படுத்துவிட்டது, இரண்டு முறையும் காரணம் நான்தான். அப்போது உட்கார்ந்து படித்ததில் ஒன்று புரிந்தது: கேஸ் வரவில்லையென்றால் எலக்ட்ரான் வேறு யாரிடமோ போய்விட்டது என்று அர்த்தம்.

பலரும் செய்கிற முதல் தவறு, சாணத்தில் இருக்கிற ஏதோ ஒரு கிருமி சோற்றைத் தின்று மீத்தேன், அதாவது அடுப்பில் எரிகிற வாயு, விடுகிறது என்று நினைப்பது. தனியாக இந்த வேலையைச் செய்யும் உயிர் உள்ளே கிடையாது. ஒரு கூட்டம் சோற்றைப் புளிக்கவைத்து அமிலங்களாக்கும், இன்னொரு கூட்டம் அந்த அமிலங்களை அசிட்டேட்டாக (வினிகரில் இருக்கிற அமிலத்தின் வடிவம்) உடைத்து எலக்ட்ரான்களைக் கழற்றிவிடும், கடைசியில் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள் வந்து மீத்தேன் செய்யும். அசிட்டேட்டைப் பிளந்து வருகிற மீத்தேன்தான் பெரும்பங்கு, சுமார் மூன்றில் இரண்டு பங்கு. மீதி கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது, அதில் ஒரு மூலக்கூறு மீத்தேனாக மாற 8 எலக்ட்ரான் வேண்டும். விஞ்ஞானிகளே ஏமாந்த இடம் இது. ஆல்கஹாலை மீத்தேனாக்கும் ஒரே உயிர் என்று பல வருடம் ஆய்வகத்தில் வளர்த்துவந்த ஒன்று, உண்மையில் இரண்டு உயிர்கள் என்று 1967-ல்தான் தெரிந்தது. ஒன்று ஹைட்ரஜனை விட, மற்றது அதை வாங்கி மீத்தேன் செய்துகொண்டிருந்தது.

ஹைட்ரஜனும் எரிகிற வாயுதானே, தொட்டியில் சேர்ந்தால் நல்லதுதானே என்று கேட்பார்கள். இல்லை. தண்ணி லாரி வந்ததும் தெருவில் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றி வீட்டுக்குள் அனுப்புவோமே, அதில் குடம் மாதிரி இங்கே ஹைட்ரஜன், எலக்ட்ரானைச் சுமந்து போவது அதுதான். கடைசியில் நிற்பவர் குடத்தைக் கவிழ்த்துத் திருப்பித் தராவிட்டால் லாரிப் பக்கம் நிற்பவர் வெறும் கையோடு நிற்க வேண்டியதுதான். புளித்து வருகிற அமிலங்களில் ஒன்றான புரோப்பியோனிக் அமிலத்தை உடைக்கிற பாக்டீரியாவுக்கு இந்த விஷயத்தில் பொறுமை ரொம்பக் குறைவு, ஹைட்ரஜனின் அழுத்தம் காற்றழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறினாலே அதற்கு அந்த வேலையில் லாபம் இல்லாமல் போய்விடும்.

இதைத் தெரியாமல்தான் ஒரு ஆடி மாதம் அம்மன் கோயிலில் மீந்த கூழை இரண்டு பக்கெட் கொண்டுவந்து ஊற்றினேன். மறுநாள் காலையில், கேஸ் சேரச் சேர மேலே எழும்பும் மூடி டிரம் நன்றாக எழும்பியிருந்தது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்தால் தீக்குச்சிதான் அணைந்தது. டிரம் எழும்பினால் மீத்தேன் வந்துவிட்டது என்று நம்பினேன் பாருங்கள், அது இன்னொரு தவறு, வந்தது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. புளிக்கவைக்கிற கூட்டம் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும், ஆனால் அசிட்டேட்டைப் பிளக்கும் ஆர்க்கியாவுக்கு அதற்கே பல நாள் ஆகும். அதனால் அமிலம் மளமளவென்று சேர்ந்துவிட்டது. பிஎச் தாளை நனைத்துப் பார்த்தால் 5.5, இருக்க வேண்டியதோ 7-ஐ ஒட்டி. இந்த நேரத்தில் பயந்துபோய் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டாதீர்கள், அது உள்ளே இருக்கிற கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து அடியில் கல்லாக உட்காரும். சாப்பாட்டை நிறுத்துங்கள். தேவைப்பட்டால் ஆப்பசோடாவைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அப்புறம் காத்திருங்கள், வேறு வழியில்லை.

அடுத்தது எங்கள் பக்கத்துக்கே உரிய தவறு. காசிமேட்டிலிருந்து மீன் வாங்கி வந்து, செதில், குடலோடு பெட்டியில் தேங்கியிருந்த உப்புத் தண்ணீரையும் சேர்த்து ஊற்றுவது. கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. சல்ஃபேட்டைப் பிடித்து வாழ்கிற பாக்டீரியாவுக்கு அதே ஹைட்ரஜனிலிருந்து ஆர்க்கியாவைவிட அதிக ஆற்றல் கிடைக்கும், அதனால் வரிசையில் முந்திப் போய் எலக்ட்ரானை அள்ளிக்கொள்ளும். நமக்குக் கிடைப்பது அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. பத்தே நாளில் என் அடுப்பின் பித்தளை பர்னர் கறுத்துப்போனது. அது விஷ வாயு, நாற்றம் வருகிறதே என்று தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்க்காதீர்கள். மீன் கழிவு போடலாம், ஆனால் நல்ல தண்ணீரில் அலசி, கொஞ்சமாக, சோறு காய்கறியோடு கலந்து. இல்லையென்றால் அதன் புரதத்திலிருந்து வரும் அம்மோனியா வேறு தொல்லை கொடுக்கும்.

மூடியை அடிக்கடி திறப்பதும் இதே கணக்குதான், ஆக்சிஜனைப் போல எலக்ட்ரான் பிடுங்கி வேறு கிடையாது.

குடமே இல்லாமல் கைக்குக் கை கொடுப்பதும் உண்டு. ஜியோபாக்டர் வகை பாக்டீரியாக்கள் இரண்டு, ஹைட்ரஜன் இல்லாமல் எலக்ட்ரானை நேராகவே கைமாற்றுவதை 2010-ல் காட்டினார்கள். மீத்தேன் செய்யும் ஆர்க்கியாவும் ஜியோபாக்டரிடமிருந்து அப்படி நேராக வாங்கும் என்பது 2014-ல் தெரிந்தது. இதைக் கேட்டதும் அப்போ பேட்டரி வயரைத் தொட்டிக்குள் விட்டால் போதுமா என்று கிளம்பிவிடுவார்கள். வேண்டாம் சாமி. கரித்தூள் போட்டால் அது இடையில் பாலமாக நின்று உதவும், அது உண்மை. ஆனால் எல்லாக் கரியும் ஒன்றல்ல, குறைந்த சூட்டில் வெந்த கரி மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. இஸ்திரி வண்டியில் வாங்கிய துண்டில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் காட்டவில்லை. இரும்பும் அப்படித்தான்: மேக்னடைட் என்கிற கறுப்பு இரும்பு ஆக்சைடு கடத்தும், செந்துருவோ எலக்ட்ரானைத் தானே வாங்கி வைத்துக்கொள்ளும். நேரடி வழி வந்துவிட்டதால் ஹைட்ரஜன் வழி பழசாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம், இரண்டு வழியும் ஒரே தொட்டியில் நடக்கலாம்.

கீழ் வீட்டு அண்ணன் போன மாதம் மாடிக்கு வந்தார். "இன்னா தம்பி, டிரில் மெஷின் போட்டு சுத்துனா சீக்கிரம் கேஸ் வராதா?" வராது அண்ணே, என்றேன். கொடுப்பதும் வாங்குவதும் ஒட்டி உட்கார்ந்திருந்தால்தான் கைமாற்று நடக்கும், வேகமாகக் கடைந்தால் கூட்டம் கலைந்து ஆளுக்கொரு பக்கம் போய்விடும். அவர் நம்பவில்லை. நான் காலையில் ஒரு தடவை குச்சியால் மெதுவாகக் கிளறிவிட்டு மூடுவதோடு சரி, டீ போடுகிற அளவுக்கு நீல ஜுவாலை வருகிறது.