வீட்டுச் சாமான் அருங்காட்சியகமா? முதலில் புளியைக் கீழே வையுங்கள்

போன வாரம் பக்கத்து ஊர்த் தம்பிகள் இரண்டு பேர் வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பியிருந்தார்கள். பூட்டிக் கிடந்த ஒரு பழைய வீட்டைக் கேட்டு வாங்கி, ஊருக்குள் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த சாமான்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். திருகை, உரல், சுளகு, உறி, ஓலைக் கொட்டான், அரிக்கேன் விளக்கு. 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, நம் ஊர்ச் சாமான்களையும் இப்படி வைக்கணும் என்று ஆசையாம். எங்கள் கரிசல்காட்டில் இப்படி இன்னும் பத்து வீடு வரணும் என்பதுதான் என் ஆசையும். ஆனால் நாலாவது படத்தைப் பார்த்ததும் மனசு கனத்துப் போனது. பித்தளை எல்லாம் தங்கம் மாதிரி மின்னுகிறது. நானும் எங்கள் ஊரில் இப்படி ஒரு வீட்டைத் தொடங்கியபோது இதையேதான் செய்தேன்.

தூசி தட்டுங்கள், பூட்டுப் போடுங்கள் என்பதை எல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. நாம் தவறிப் போகும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

தேய்த்து மின்ன வைப்பது

நான் தொடங்கிய வருஷம் ஒரு பாட்டி தன் சீர்க் குடத்தைக் கொடுத்தார். கறுத்துப் போய், கழுத்தடியில் பச்சையாகக் களிம்பு படிந்திருந்தது. திறப்பு அன்றைக்கு அழகாக இருக்கட்டும் என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். அதுவும் போதாமல் டவுனுக்குக் கொண்டு போய் மெஷினில் பாலிஷ் போட்டு வாங்கி வந்தேன். திறப்பு அன்று பாட்டி வந்தார். குடத்தின் கழுத்தடியில் விரலை வைத்து ஒரு சுற்றுத் தடவினார், பிறகு இன்னொரு சுற்று. "இது என் குடம் இல்லையேய்யா" என்றார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய பெயரையும் அப்பா பெயரின் முதலெழுத்தையும் உளியால் புள்ளி புள்ளியாக அந்தக் கழுத்தில் வெட்டியிருந்தார்கள். கல்யாண வீடுகளுக்கு இரவல் போகும் குடம் அது. பந்தி முடிந்து ஐம்பது குடம் ஒன்றாகக் கிடக்கும்போது, விரலால் புள்ளிகளைத் தடவித்தான் தன்னுடையதை எடுத்து வருவாராம். மெஷின் ஒரு நிமிஷத்தில் அந்தப் புள்ளிகளைத் தின்றுவிட்டது. களிம்புக்குக் கீழே பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு பெண்ணின் பெயர் எழுத்தில் இருந்த ஒரே இடம் அதுவாகக்கூட இருந்திருக்கலாம். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

கீழடியில் 'ஆதன்' என்றும் 'குவிரன் ஆதன்' என்றும் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றை நாடே போற்றுகிறது. நம் ஊர் ஆச்சியின் பெயரை மட்டும் நாமே தேய்த்து அழிக்கிறோமே, இது நியாயமா?

புளியின் புளிப்பு கறுப்பைக் கரைத்து எடுப்பதால்தான் பித்தளை மின்னுகிறது. அதோடு சேர்த்துச் சாம்பலும் மணலும் உலோகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொண்டு போகும், மெஷின் இன்னும் வேகமாக. பத்து நாளில் திரும்பக் கறுக்கும், திரும்பத் தேய்ப்பீர்கள். உள்பக்கம் வெள்ளையும் சாம்பலுமாகத் தெரிவது அழுக்கு இல்லை, வெள்ளீயம். புளிப்புப் பட்டுக் களிம்பு ஏறாமல் இருக்க நம் ஆட்கள் பூசி வைத்தது. அதையும் சுரண்டி எடுத்த பாத்திரங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கல்லிலும் இதே கதைதான். ஒருத்தர் காட்சிக்கு வைக்கும் முன் அம்மியை ஆள் வைத்துப் புதிதாகக் கொத்தினார். நடுவில் வழவழவென்று தேய்ந்த பள்ளத்தில்தான் மூன்று தலைமுறைப் பெண்களின் கை இருந்தது. இப்போது அது கடையில் வாங்கிய அம்மி.

சரி, என்ன செய்யலாம்? காய்ந்த பருத்தித் துணி, மெல்லிய பிரஷ், அவ்வளவுதான். அதற்கும் முன்னால் அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள், நேர் வெளிச்சத்தில் தெரியாத புள்ளிகள் நிழலோடு எழும்பி வரும். மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்துப் பெயரைப் பிரதி எடுங்கள். தெருவில் யாருக்காவது அந்தப் பெயர் ஞாபகம் இருக்கும்.

மரத்துக்கு வார்னிஷ்

வேண்டாம்.

வயதைக் கூட்டிச் சொல்வது

'200 ஆண்டுப் பழமை' என்று அட்டை எழுதுகிறார்கள். யார் சொன்னது? 'எங்கள் பாட்டி புழங்கியது' என்று எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது. அதுவாவது உண்மை.

படியைப் பூட்டி வைப்பது

அளவைகளைக் கண்ணாடிக்குள் வைத்து 'பழங்கால அளவைகள்' என்று ஒரு அட்டை மாட்டினால் குழந்தைகளுக்கு என்ன புரியும்? ஒரு செட்டை வெளியே வையுங்கள், பக்கத்தில் ஒரு சாக்கு கம்பு. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். அளந்து கொட்டட்டும். ஊருக்கு ஊர் படியின் கொள்ளளவு மாறும், அதனால் எந்த ஊர்ப் படி என்று கேட்டு எழுதாவிட்டால் அது வெறும் டப்பா. 1956-ல் சட்டம் வந்து அடுத்த சில ஆண்டுகளில் கிலோவும் லிட்டரும் கடைக்கு வந்தபோது, களத்துமேட்டில் பழைய படியைத் தூக்கிப் போடாதவர்கள் நிறையப் பேர். அவர்களில் இருப்பவர்களை இப்போதே கேட்டுவிடுங்கள்.

கதையை அப்புறம் எழுதிக்கலாம் என்பது

அன்றைக்கே எழுதுங்கள். யார் கொடுத்தது, யார் புழங்கியது, எதற்கு. சாமானின் வரிசை எண்ணை அதன் மேலேயே பெயின்டால் எழுதாமல், சீட்டில் எழுதி நூலில் கட்டுங்கள்.

ஓலைச் சாமானைத் தரையில் வைப்பது

கரையான்.

தம்பிகளிடம் பேசினேன். இன்னும் இரண்டு சாக்குப் பாத்திரம் தேய்க்காமல் இருக்கிறதாம், நான் வரும் வரை தொட மாட்டோம் என்றார்கள். சனிக்கிழமை டார்ச்சையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.