மொட்டை மாடி ஒழுகலுக்கு ஆள் பிடித்ததில் நான் செய்த தவறுகள்

சேலம் அம்மாபேட்டையில் நாங்கள் வீடு கட்டி 26 வருடம் ஆகிறது. போன வருடம் சித்திரையில் அடித்த கோடை மழைக்கு ஹால் சீலிங்கில், ஃபேனுக்கு ஒரு முழம் தள்ளி, இட்லி அளவுக்கு ஈரம் தெரிந்தது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன்.

வழக்கமாக எங்களுக்கு வேலை செய்யும் மேஸ்திரி, “கையில வேலை இருக்கு தம்பி, ஒரு மாசம் ஆகும்” என்றார். பெயின்ட் கடையில் அறிமுகமான கான்ட்ராக்டரோ, “நாளைக்கே ஆரம்பிச்சிடலாம் சார்” என்றார். இரண்டாவது ஆளைப் பிடித்தேன். நல்ல வேலைக்காரர் மறுநாளே கிடைக்கிறார் என்றால் ஏன் கிடைக்கிறார் என்று யோசித்திருக்க வேண்டும்.

அவர் மாடியேறி, படி முடியும் இடத்தில் நின்றபடியே சுற்றிப் பார்த்தார். “தட்டோட்டைப் பேர்த்துட்டு, கெமிக்கல் அடிச்சு, புது ஓடு பதிச்சிடலாம். பத்து வருஷம் கேரண்டி.” மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பொண்ணு பார்க்காமலே பத்திரிகை அடித்த கதைதான்.

தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று அவர் தேடவில்லை. நானும் கேட்கவில்லை. மற்ற தவறுகளைவிட இதுதான் பெரிது. தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, அதாவது வாட்டம், சரியில்லாமல் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கலாம். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் விரிசல் விட்டிருக்கலாம். மழைநீர்க் குழாயின் வாயைச் சுற்றிப் பூச்சு உதிர்ந்திருக்கலாம். மேலே இருக்கும் டேங்கின் குழாய் கசியலாம். கீழே ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்றும் சொல்ல முடியாது. தட்டோட்டுக்கு அடியில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் சேர்த்துப் போட்ட அடுக்கில் தண்ணீர் ஊறிக்கொண்டே போய், எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே இறங்கும். மழையே இல்லாத நாளிலும் ஈரம் இருந்தால் முதலில் குழாயைப் பார்க்க வேண்டும். மழை பெய்த பிறகு மட்டும் என்றால் மாடியைப் பார்க்க வேண்டும். வந்தவர் இந்த ஒரு கேள்வியையாவது கேட்கிறாரா என்று கவனியுங்கள்.

“நான் கவர்மென்ட்ல பதிஞ்ச ஆளு சார்” என்று ஒரு அட்டையைக் காட்டினார். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை. தொழிலாளர்களுக்கு விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, ஓய்வூதியம் என்று பல வகையில் தேவைப்படும் அட்டைதான். ஆனால் வேலை தெரியும் என்பதற்கு அது சான்று இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். ஒயரிங் வேலை அப்படியில்லை. ஒயர்மேனுக்கு அரசின் மின் உரிம வாரியம் சான்றிதழ் தருகிறது, கேட்டு வாங்கிப் பார்க்கலாம். “ஃபேன் பாயின்ட்டையும் நானே மாத்தித் தர்றேன்” என்று இவர் சொன்னபோது அதையும் நான் கேட்கவில்லை. நல்லவேளை, அந்த வேலை வரை அவர் வந்து சேரவில்லை.

கொத்தனார் வேலையில் முன்பு செய்த வேலையைப் போய்ப் பார்ப்பதுதான் வழி. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவுக்கு மாடி ஒழுகலை நிறுத்திக் கொடுத்ததாக, ரோட்டு அடையாளத்தோடு சொன்னார். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் யார் பார்ப்பது என்று விட்டுவிட்டேன். மார்கழியில் குடும்பத்தோடு ஏற்காடு போனபோது தேடிப் பார்த்தேன். பங்களா இருந்தது. ஓட்டு வீடு. மொட்டை மாடியே கிடையாது. என் மனைவி அடிவாரம் வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

உள்ளூரிலேயே, இரண்டு மழைக்காலமாவது தாண்டிய வேலையாகக் கேளுங்கள். போன மாதம் முடித்த மாடி யார் செய்தாலும் அழகாகத்தான் இருக்கும்.

கொட்டேஷன் ஒரு டைரித் தாளில் வந்தது. ‘மாடி வேலை மொத்தம் 85,000’. அவ்வளவுதான். எத்தனை சதுர அடி, எந்த கெமிக்கல், எத்தனை கோட், பேர்த்த குப்பையை யார் அள்ளுவது என்று ஒன்றும் இல்லை. (குப்பைக்குத் தனியாக 4,000 கேட்டு வாங்கினார்.) கேரண்டி வாய்ப்பேச்சோடு சரி. முதல் நாளே 50,000 கொடுத்தேன், மூன்றாம் நாள் 25,000. மிச்சம் 10,000. அதற்காக யார் திரும்பி வரப் போகிறார்கள்? இப்போதெல்லாம் சாமானை நானே கடையில் வாங்கி பில்லை வைத்துக்கொள்கிறேன். கூலி, வேலை நகர நகரத்தான். கால்வாசி, ஒரு நல்ல மழையைப் பார்த்த பிறகு.

மூடிப் போகிற வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்காமல் ஆபீஸுக்குப் போனதும் தப்பு. பேர்த்த அன்று சாயங்காலமே கெமிக்கலைப் பூசி, மறுநாள் காலையில் ஓடு பதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கெமிக்கல் நன்றாகக் காய்ந்ததும், குழாய் வாய்களை அடைத்து, ஓரிரு அங்குலம் தண்ணீர் கட்டி, குறைந்தது 24 மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். கசிந்தால் அப்போதே தெரிந்துவிடும். ஓடு பதித்த பிறகு தெரிந்தால் மறுபடி பேர்க்க வேண்டியதுதான். பதித்த ஓட்டுக்கும் ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும். இவர் ஆட்கள் இரண்டு நாள் விட்டார்கள்.

ஆவணியில் ஒரு ராத்திரி மழை கொட்டியது. இட்லி அளவு ஈரம் தோசைக்கல் அளவுக்குப் பரவி, ஃபேன் கம்பி வழியாகச் சொட்டியது. இந்த நிலைமை வந்தால் ஃபேன் சுவிட்சைத் தொடாதீர்கள், மெயினை அணையுங்கள். ஃபோன் செய்தேன். “வெளியூர்ல இருக்கேன் சார்.” அப்புறம் ரிங் மட்டும் போனது. அப்புறம் அதுவும் இல்லை.

ஒரு மாதம் ஆகும் என்ற அதே மேஸ்திரியிடம்தான் போய் நின்றேன். அவர் வந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். மாடி நடுவில் ஊற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குழாய்ப் பக்கம் போக வேண்டிய தண்ணீர், கொஞ்ச நேரம் நின்று, எதிர்ப்பக்கக் கைப்பிடிச் சுவரை நோக்கி மெல்ல ஊர்ந்தது. மட்டம் பார்க்கும், தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்துப் பார்த்தால், குழாய் மூலை நடு மாடியைவிட அரை அங்குலம் மேடு. பத்து அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது அது இறங்கியிருக்க வேண்டும் என்றார். கம்பால் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். “கேளுங்க தம்பி, பொக்குன்னு சத்தம் வருது. அடியில கலவையே பிடிக்கல.” கடைசியாகச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் நகத்தால் கீறினார். பழைய பூச்சு பொடியாக உதிர்ந்தது. ஆதியிலிருந்து ஒழுகியது அங்கேதான், அந்த இடத்தை கான்ட்ராக்டர் தொடவே இல்லை. அதைச் செதுக்கிப் புதுக் கலவை வைத்துப் பூச ஆன செலவு 14,000. வாட்டத்தைச் சரிசெய்யும் வேலை இன்னும் பாக்கி.

பில் இல்லையே, இனி என்ன செய்ய முடியும் என்று கொஞ்ச நாள் சும்மா இருந்ததும் ஒரு தவறுதான். பணம் அனுப்பிய ஜிபே பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, தேதியோடு எடுத்த படங்கள், டைரித் தாள் எல்லாமே ஆதாரம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளலாம். நான் முதல் வேலையாக நோட்டீஸ் அனுப்பினேன். முகவரி அந்த நல வாரிய அட்டைப் படத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டை போன வாரம் திரும்பி வந்திருக்கிறது.