ஈராசிரியர் பள்ளிக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருவர், இரண்டாம் வாரத்திலேயே முகம் மலர்ந்து, "மூணாம் வகுப்புப் பிள்ளைங்க எல்லாரும் நல்லா வாசிக்கிறாங்க சார்" என்றார். இதையே இருபது ஆண்டுகளுக்கு முன் என் தலைமையாசிரியரிடம் நானும் சொல்லியிருக்கிறேன் என்பதால், எனக்கு வயிறு கலங்கியது.

ராமநாதபுரம் மாவட்டத்தின் மானாவாரிப் பகுதியில், ஐந்து வகுப்புகளை இரண்டு அறைகளில் வைத்து நடத்தும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி எங்களுடையது. தாமதமாக வராதீர்கள், பிரம்பைத் தொடாதீர்கள் என்பவையெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல, அவற்றை விட்டுவிடுகிறேன்.

கூட்டுக் குரலை வாசிப்பு என்று நம்புவது

இந்தத் தவறு சோம்பலால் வருவதில்லை. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்புகளும் ஒருவர் கையில் இருக்கும். அப்போது நன்றாக வாசிக்கும் பிள்ளை ஒன்றை எழுப்பி வாசிக்கவிட்டு, மற்றவர்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் அறை அடங்கிவிடும். சத்தம் தெருமுனை வரை கேட்பதால், பாடம் நடக்கிறது என்று ஊரும் நம்பும், நாமும் நம்புவோம்.

அப்படி நான் முன்னால் நிறுத்திய சிறுமி ஒருத்தி உண்டு. பெற்றோர் மூட்டம் போட்டு விறகைக் கரியாக்கும் வேலைக்கு ஊர் ஊராகப் போகிறவர்கள். பாட்டி வீட்டில் வளர்ந்தாள். வரிக்கு வரி விரலை நகர்த்தி, முற்றுப்புள்ளியில் மூச்சுவிட்டு அவள் வாசிக்கும் அழகைப் பார்வையிட வந்தவர்களும் பாராட்டியிருக்கிறார்கள். அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, ஆடிக் காற்றில் ஒரு நாள் புத்தகத்தின் பக்கம் புரண்டது. அவள் விரல் நிற்கவில்லை. புரண்ட பக்கத்தில் இருந்த படத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, பழைய பாடத்தை ஒரு பிழையும் இல்லாமல் சொல்லி முடித்தாள். அருகில் போய், 'கொடி' என்ற ஒற்றைச் சொல்லைத் தொட்டுக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. என் உதட்டைப் பார்த்தாள்.

மூன்று ஆண்டுகள் அவளுக்குப் பாடம் நடத்தியவன் நான். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216 என்று அட்டையைப் பார்த்து அவள் ராகத்தோடு பாடுவாள். ஆனால் 'கொ' என்ற எழுத்தில் முன்னால் நிற்கும் ஒற்றைக்கொம்பும் பின்னால் நிற்கும் துணைக்காலும் சேர்ந்துதான் ககரத்துக்குப் பின் வரும் ஒரே ஒலியைக் காட்டுகின்றன என்பதை அவளுக்குத் தனியாக உட்கார்ந்து யாரும் காட்டியதில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் சிறு சொற்களை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினாள். ஆறாம் வகுப்புப் புத்தகத்துக்கு அது போதவில்லை. இன்றும் கூட்டு வாசிப்புச் சத்தம் கேட்டால் எனக்கு எரிச்சல் வருவதற்கு அந்தப் பிள்ளைதான் காரணம்.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தபின், அரும்பு, மொட்டு, மலர் என்று வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரிக்கிறோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூட்டுக் குரலை நம்பிப் பிரித்தால், மொட்டுக் குழுவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை உண்மையில் அரும்பில்தான் இருக்கும்.

ஆகவே பாடத்தை வாசிக்கச் சொல்லாதீர்கள். வரியின் நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். அல்லது கடைசிச் சொல்லில் தொடங்கி முதல் சொல்லை நோக்கி வரச் சொல்லுங்கள். பாடத்தில் இல்லாத சொற்களைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பது இன்னும் நல்லது. நான் கரி, மூட்டம், கொட்டகை என்று எழுதுவேன். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம், நாளுக்கு நான்கு பிள்ளைகள் போதும். இதற்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தபின் பிள்ளைகள் முன்னதாகவே வந்துவிடுகிறார்கள்; தட்டைக் கழுவி வைத்ததற்கும் காலை வணக்கக் கூட்டத்துக்கும் நடுவில் கிடைக்கும் அந்தச் சிறு பொழுதில்தான் இதைச் செய்கிறேன். அந்த ஆசிரியையும் மறுநாள் துண்டுத்தாளோடு உட்கார்ந்தார். பதினொரு பேரில் நான்கு பேர் வாசித்தார்கள்.

எல்லாவற்றையும் சொந்தப் பணத்தில் வாங்குவது

சாக்பீஸ் முதல் தண்ணீர்க்குடம் வரை முதல் மூன்று ஆண்டுகள் நானே வாங்கினேன். நல்ல வாத்தியார் என்ற பெயர் கிடைத்தது. பள்ளி மேலாண்மைக் குழுவோ கையெழுத்துப் போட மட்டும் வந்து போனது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கைப் பெற்றோருக்குக் கொடுத்திருப்பது சும்மா அல்ல. பள்ளிக்கு என்னென்ன இல்லை என்பதைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கிய பிறகு, அக்டோபர் 2 கிராம சபையில் தாய்மார்களே எழுந்து சுற்றுச்சுவர் கேட்டார்கள். என் சம்பளத்தில் சுற்றுச்சுவர் கட்டியிருக்க முடியாது.

நூல்களைப் பீரோவில் பூட்டி வைப்பது

பிள்ளைகள் கையில் கொடுங்கள்; கிழிந்தால் இருப்புப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பாட நேரத்தில் எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவுக்குச் சிக்னல் தேடுவது

வேப்பமரத்தடியில் கிடைக்கும்; இடைவேளையில் போங்கள்.

வராத பிள்ளையின் வீட்டுக்குப் பகலில் போவது

பூட்டுத்தான் தொங்கும். மாலை ஆறரைக்கு மேல் போங்கள்.